பட்டியலும் ஐயமும்: கொம்பனித்தெருவை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கொழும்பு மாநகரின் கோட்டைப் பகுதிக்குத் தெற்கே, பேரே வாவியின் கரையைத் தழுவிக் கிடக்கும் கொம்பனித்தெரு, இலங்கையின் சமூக வரலாற்றைப் பயில விழைவார்க்கு ஒரு சிற்றேடு போன்றது. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை இரவு வேளையில் அடைத்துவைத்த இடமாதலின், ஆங்கிலேயர் இதனை 'அடிமைத் தீவு' என்றே நெடுங்காலம் வழங்கினர். தமிழரும் சிங்களவரும் அப்பெயரைக் கொள்ளாது, 'கொம்பனி' என்னும் சொல்லைச் சேர்த்தே இவ்விடத்தைக் குறித்து வந்தனர். மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்னும் பெயர்கள் இங்குக் குடியேறியோரின் வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றன. வேகந்தைப் பள்ளிவாசல் 1786ஆம் ஆண்டளவில் எழுந்ததென்பர். அதற்கு நெடுந்தொலைவின்றிக் கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் உள்ளது. சோனகர், மலாயர், தமிழர், சிங்களவர் ஆகியோர் ஒரே தோட்டத்தில், ஒரே தண்ணீர்க் குழாயைப் பகிர்ந்து வாழ்ந்த பகுதி இது.

இப்பகுதியின் வரலாற்றிலே ஒரு செய்தி நம் கவனத்தை ஈர்க்கின்றது. ஆங்கிலேயரின் படையில் பணியாற்றிய இலங்கை ரைபிள் படைப்பிரிவு பெரும்பாலும் மலாயரைக் கொண்டது. 1873இல் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, அதனைச் சார்ந்தோர் பலர் பொலிஸ் சேவையிலும் சிறைச்சாலைச் சேவையிலும் சேர்ந்தனர். இலங்கைப் பொலிஸ் சேவையின் தொடக்க காலத்தில் மலாய் முஸ்லிம்களின் பங்கு சிறிதன்று. நகரைக் காவல் செய்தோரை ஈந்த பகுதியொன்று, ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், தானே காவலரின் கண்காணிப்புக்கு உரியதாக மாறியது எவ்வாறு? இவ்வினாவைத் தொடக்கமாகக் கொண்டு, பொலிசாரின் கண்காணிப்பு மத அடையாளத்தை அடிப்படையாகக் கொள்ளும்போது நிகழ்வன யாவை என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயத்தின் இருவகை

கண்காணிப்பு என்பது தன்னளவிலே தீயதன்று. மக்களின் உயிரையும் உடைமையையும் காக்கும் பொறுப்புடைய எந்த அரசும் ஐயத்துக்குரியோரை நோக்கியே தீரும். ஆயின் ஐயம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதே இங்கு ஆராயற்பாலது. ஒருவர் வெடிமருந்து வாங்கினார், கொலை மிரட்டல் விடுத்தார், தேடப்படுபவருக்கு அடைக்கலம் அளித்தார் என்பன போன்ற செய்திகளிலிருந்து பிறக்கும் ஐயம் ஒருவகை. இதனைச் செயல்வழி ஐயம் எனலாம். ஒருவர் தொப்பி அணிந்துள்ளார், தாடி வைத்துள்ளார், அரபு நூலொன்றை வீட்டில் வைத்துள்ளார், குறித்ததொரு பள்ளிவாசலுக்குச் செல்கிறார் என்பனவற்றிலிருந்து பிறக்கும் ஐயம் மற்றொருவகை. இதனை அடையாளவழி ஐயம் எனலாம்.

முதலாவது வகையில் ஐயுறப்படுபவர் தம் செயலுக்கு விளக்கம் தந்து விடுபட இயலும். இரண்டாவது வகையில் அவ்வாறு விடுபடுதல் அரிது. ஏனெனில், அவர் செய்த எதுவும் ஐயத்தின் காரணமன்று. அவர் யார் என்பதே காரணம். ஒருவர் தம் செயலை மாற்றிக்கொள்ளலாம். தம் பெயரையும் பிறப்பையும் வழிபாட்டையும் எவ்வாறு மாற்றுவது? இவ்வேறுபாட்டினை மனங்கொண்டு மேலே செல்வோம்.

பட்டியலின் வரலாறு

கொழும்பில் பொலிசார் வீடுவீடாகச் சென்று குடியிருப்போரின் விபரங்களைத் திரட்டும் வழக்கம் புதியதன்று. அதற்கான சட்ட அடிப்படையாகக் காட்டப்படுவது 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவாகும். பொலிஸ் உத்தியோகத்தர் கேட்குமிடத்து, வீட்டுக்காரர் தம் இல்லத்தில் வாழ்வோரின் பட்டியலைக் கொடுத்தல் வேண்டும்; குடும்பத்தினர் யாவர், வேலையாட்கள் யாவர் என வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்; புதியவர் வந்து தங்குவதை அறிவித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பெருவீடுகளில் பல வேலையாட்கள் வாழ்ந்த குடியேற்றக்காலச் சமூக அமைப்பின் சாயல் அதிற் படிந்திருப்பதைக் காணலாம். அப்பிரிவு குடும்பத்தினரையும் வேலையாட்களையும் பிரிக்கின்றதேயன்றி, இனத்தையோ மதத்தையோ கொண்டு மக்களைப் பிரிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

சட்டம் பிரிக்காதிருப்பினும் நடைமுறை பிரித்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழருக்குப் 'பொலிஸ் பதிவு' என்னும் சொற்றொடர் அன்றாட வழக்காயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உறவினர் ஒருவர் வந்து தங்கினால், அன்று மாலையே பொலிஸ் நிலையஞ் சென்று பதியவேண்டிய நிலை இருந்தது. பதிவுத் துண்டு கையில் இல்லாதவர் சோதனைச் சாவடியிலே நிறுத்தப்பட்டனர். இருந்தவரும் பல வேளைகளில் நிறுத்தப்பட்டனர். 2007 ஜூன் 7ஆம் நாள் விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தை நிறுத்துமாறு இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அரசின் சார்பில் அந்நாட் பிரதமர் வருத்தமுந் தெரிவித்தார். எனினும் 2008 செப்டெம்பரில், முன்னைய ஐந்தாண்டுகளில் வட மாகாணத்திலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தோர் அனைவரும் தனியே பதியுமாறு பணிக்கப்பட்டனர். பதியவேண்டியோர் எக்குற்றமுஞ் செய்திலர். அவர்தம் பிறந்த ஊரே ஐயத்தின் காரணமாயிற்று.

அக்காலத்தில் கொம்பனித்தெருவின் முஸ்லிம்களுக்கு இப்பட்டியல் பெருஞ்சுமையாக இருக்கவில்லை. அவர்களை வேறொரு பட்டியல் வந்தடைந்தது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியிலிருந்த வீடுகள், பொலிசாரும் படையினரும் சூழ்ந்து நிற்க, இடித்துத் தள்ளப்பட்டன. அதன்பின் ஜாவா ஒழுங்கை முதலிய இடங்களிலும் மக்கள் தம் குடியிருப்புக்களை விட்டகன்று அடுக்குமாடிகளுக்குச் செல்லவேண்டியதாயிற்று. கணக்கெடுப்புப் படிவமொன்றைக் கையிலேந்தி வாயிலில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்னும் அச்சம் இத்தோட்டங்களில் வேரூன்றியமைக்கு இவ்வரலாறே காரணம் எனலாம். மத அடையாளத்தால் எழுந்த ஐயம், ஏற்கெனவே வீட்டுரிமை பற்றிய அச்சத்தோடு வாழ்ந்த மக்கள் மேல் வந்து விழுந்தது என்பதனை மறத்தலாகாது.

2019இன் பின்

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெருவிடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழிபடச் சென்ற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல முற்றாகச் சிதைந்தன. இக்கொடுமையின் பெருமையைக் குறைத்து மதிப்பிடும் எந்த ஆய்வும் நேர்மையானதாகாது. கொலைக்குக் காரணமானோரைத் தேடிப் பிடித்தல் அரசின் நீக்கவியலாக் கடமை. அதனை வேண்டிநின்றோருள் முஸ்லிம்களும் அடங்குவர்.

ஆயின் தேடல் எவ்வழிச் சென்றது என்பதனை நோக்குவோம். அவசரகாலச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியாகும்வரை அத்தடை நிலவியது. மே மாதத்தில், பள்ளிவாசல்களில் நிகழ்த்தப்படும் பிரசங்கங்களின் பிரதிகளைச் சமர்ப்பிக்குமாறு அரசு பணித்தது. பின்வந்த மாதங்களில் கைதுசெய்யப்பட்டோருள் ஏறத்தாழ 1,800 பேர் முஸ்லிம்கள் என மனித உரிமை அமைப்புக்கள் குறித்துள்ளன. அரபு நூல்களையும் ஒலித்தட்டுக்களையும் வைத்திருந்தமைக்காகவும், வீட்டுக் கத்திகளுக்காகவும் கைதுகள் இடம்பெற்றதாகச் செய்திகள் வெளிவந்தன.

கொம்பனித்தெருவும் இத்தேடுதலுக்கு உட்பட்டது. ஏப்ரல் மாத இறுதியில் அங்குள்ள பள்ளிவாசலொன்றில் வாள்களுங் கத்திகளும் கைப்பற்றப்பட்டதாகப் பொலிசார் அறிவித்தனர். இதனை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. வழிபாட்டிடத்தில் வாள் இருந்ததேன் என வினவுதல் பொலிசாரின் உரிமையும் கடமையுமாகும். அது செயல்வழி ஐயம். அதற்கு உரியவர் விடை கூறவேண்டியவரே. ஆனால் ஒரு பள்ளிவாசலில் எழுந்த வினா, ஒரு சமூகத்தின் எல்லா வீடுகளின் மீதும் விழும் வினாவாக விரிந்ததே இங்கு நாம் சுட்டவரும் மாற்றமாகும்.

இம்மாற்றத்தின் விளைவுகளைச் சில நிகழ்ச்சிகள் துலக்குகின்றன. 2019 மே மாதம் ஹசலக்கவிலே ஒரு முஸ்லிம் பெண், தம் ஆடையில் தர்மசக்கர உருவைப் பொறித்திருந்தார் எனக் கைதுசெய்யப்பட்டார். உண்மையில் அதில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அவர் பல நாட்கள் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2023இல் உயர் நீதிமன்றம், அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்த்தது. பார்ப்பவரின் கண்ணில் ஐயம் முன்னரே குடியேறிவிட்டால், சுக்கானும் சக்கரமாகத் தோன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இன்னும் நெருக்கமானது கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கு. 'நவரசம்' என்னும் அவரது தமிழ்க் கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. அது தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் கூறி, 2020 மே மாதம் சிலாவத்துறையில் அவர் கைதுசெய்யப்பட்டார். வன்முறையையும் ஐ.எஸ். இயக்கத்தையுங் கண்டிக்கும் கவிதைகள் அத்தொகுதியிலேயே இருந்தன. ஆயினும் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் தடுப்பில் இருந்தார்; 2021 டிசம்பரிற் பிணை பெற்றார்; 2023 டிசம்பரிற் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு நூலைக் குற்றச் சான்றாகக் கொள்ளுமுன், அந்நூலின் மொழியையும் உவமையையும் அணியையும் உணர்ந்தோர் அதனைப் படித்தல் வேண்டும் என்னும் எளிய நெறி இங்குப் பேணப்படவில்லை. கவிதையின் பொருளைத் துணிவது இலக்கிய மாணாக்கர்க்கே கடினமான செயல். ஐயத்தோடு படிப்பவருக்கோ ஒவ்வொரு உருவகமும் ஒரு வாக்குமூலமாகிவிடும்.

கண்காணிக்கப்பட்டோர் அதனாற் காக்கப்படவுமில்லை. 2019 மே 12, 13ஆம் நாட்களிற் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளுந் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஒருவர் கொலையுண்டார். ஊரடங்குச் சட்டம் நடைமுறையிலிருந்தபோதே இத்தாக்குதல்கள் தொடர்ந்தன. ஒரு சமூகம் தீங்கு செய்யக்கூடும் என்னும் நோக்கிற் செலுத்தப்பட்ட கவனம், அச்சமூகத்துக்குத் தீங்கு நேரக்கூடும் என்னும் நோக்கிற் செலுத்தப்படவில்லை.

ஓர் எளிய கணக்கு

"தாக்கியோர் முஸ்லிம்களாயிருக்க, முஸ்லிம்களிடையே தேடுவது முறைதானே?" என்னும் வினா எழுதல் இயல்பு. இவ்வினாவை வெறுப்பின் குரலென ஒதுக்கிவிடல் முறையன்று. நன்மனமுடையோர் பலரும் இதனைக் கேட்பதுண்டு. எனவே கணக்கின் துணைகொண்டு விடைகாண முயல்வோம்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் இஸ்லாமியர் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர். தாக்குதல்களில் ஈடுபட்ட தற்கொலைக் குண்டுதாரிகள் 9 பேர். அவர்களுக்குத் தெரிந்தே துணைநின்றோரையுஞ் சேர்த்து நூறு பேர் என்று, விளக்கத்தின் பொருட்டு மட்டும், கொள்வோம். அஃதாவது ஏறத்தாழ 20,000 பேருக்கு ஒருவர். இனி, குற்றவாளியையும் குற்றமற்றவரையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக இனங்காணவல்ல ஒரு சோதனை பொலிசாரிடம் உண்டு என்றுங் கொள்வோம். அத்தகைய சோதனை உலகில் எங்கும் இல்லை. இருந்தாலும் நிகழ்வது யாது? நூறு குற்றவாளிகளில் 99 பேரை அது காட்டும். அதே வேளையில் குற்றமற்றோருள் நூற்றுக்கு ஒருவர் வீதம் 19,600க்கு மேற்பட்டோரையும் அது குற்றவாளியெனக் காட்டும். குற்றவாளி ஒருவருக்கு நிரபராதிகள் ஏறத்தாழ இருநூற்றுவர் என்னும் விகிதத்தில் அவர்கள் கலந்து நிற்பர். அத்தனை பேரையும் விசாரிக்கும் உத்தியோகத்தர் எத்தனை பேர்? அவர்தங் காலம் எங்கே கழியும்?

தொப்பியும் தாடியும் அரபு நூலும் நூற்றுக்கு ஐம்பது முறையேனுஞ் சரியாகக் குற்றத்தைக் காட்டும் அடையாளங்கள் அல்ல; பெரும்பாலும் அவை எதனையுங் காட்டுவதில்லை. ஆதலின் அடையாளவழித் தேடுதல் நீதிக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் இழப்பேயாகும். வைக்கோற் போரில் ஊசியைத் தேடுவோர், அப்போரின் மேலும் வைக்கோலைக் கொட்டுவதற்கு இது ஒப்பாகும்.

தகவல் வந்த வழி

இனி, உண்மையில் நிகழ்ந்ததை நோக்குமிடத்து இக்கணக்கு மேலும் உறுதிபெறுகின்றது. தாக்குதல்களுக்குத் தலைமைதாங்கிய சஹ்ரானைப் பற்றி முதலிற் குரலெழுப்பியோர் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அவ்வூரிற் சூபி நெறியினரோடு அவரது குழுவினர் மோதினர்; அதன்பின் அவர் தலைமறைவானார். அவருடைய வெறுப்புப் பேச்சுக்கள் குறித்து முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில் வெடிபொருட்கள் கண்டெடுக்கப்பட்டன. அவ்விசாரணையிற் பொலிசாருக்கு உதவிய மாவனல்லையைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர், அவ்வாண்டு மார்ச்சில் தம் இல்லத்திலேயே சுடப்பட்டுப் படுகாயமுற்றார். தாக்குதலின் பின்னர் ஏப்ரல் 26ஆம் நாள், சாய்ந்தமருதில் புதிதாக வந்து தங்கியோரைக் குறித்து ஐயுற்று அறிவித்தோரும் அவ்வூர் முஸ்லிம்களே.

தகவல் இல்லாமையால் அத்தாக்குதல் நிகழவில்லை என்பதும் இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. 2019 ஏப்ரல் 4ஆம் நாளிலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் ஒவ்வொருவரும் 7 கோடியே 50 இலட்சம் ரூபாவும், பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் 5 கோடி ரூபாவும் இழப்பீடாகச் செலுத்தவேண்டுமெனக் கூறியது. குறித்த மனிதர்களைப் பற்றிய குறித்த தகவல் கையிலிருந்தும் செயலாற்றத் தவறினர் என்பதே அத்தீர்ப்பின் உட்கிடை. செயல்வழித் தகவலைக் கைவிட்ட தவற்றுக்கு, அடையாளவழிக் கண்காணிப்பு பரிகாரமாகக் கொள்ளப்பட்டது. தவறு நிகழ்ந்தது மேலிடத்தில். சுமை விழுந்தது காத்தான்குடியிலும் கொம்பனித்தெருவிலும்.

இதன் நெடுங்கால விளைவே பெரிதும் அஞ்சத்தக்கது. தம் ஊரில் நிகழும் தீச்செயலை அறிந்து அறிவிக்கவல்லோர் அவ்வூராரே. பொலிஸ் நிலையத்துக்குச் செல்பவர் தாமே ஐயத்துக்குரியவராவார் என்னும் அச்சம் பரவுமாயின், அடுத்த முறை யார் செல்வார்? மாவனல்லையில் ஒருவர் தம் உயிரையே பணயம் வைத்தார். அத்தகையோரை ஈன்ற சமூகத்தை முழுவதும் ஐயுறுதல், காவலுக்கு வேண்டிய கண்ணையே மூடிக்கொள்வதாகும்.

பிற நாடுகளிற் கண்டவை

இப்பட்டறிவு நமக்கு மட்டும் உரியதன்று. நியூயோர்க் நகரப் பொலிஸ் திணைக்களத்தில் 2003 முதல் ஒரு தனிப்பிரிவு இயங்கியது. முஸ்லிம்கள் கூடும் பள்ளிவாசல், தேநீர்க் கடை, முடிதிருத்தகம் ஆகியவற்றைப் பட்டியலிடுதல் அதன் பணி. திணைக்களத்தின் கண் பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர் சங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. மாணவரோடு ஆற்றுப்படகுச் சுற்றுலாவுக்குச் சென்ற மறைமுக உத்தியோகத்தரொருவர், அவர்கள் நாளொன்றுக்கு எத்தனை முறை தொழுதனர் என்பதனையும் அறிக்கையிற் குறித்தார். 2011இல் இச்செய்திகள் வெளியாயின. அப்பிரிவு திரட்டிய தகவலிலிருந்து ஆறாண்டுகளில் ஒரு பயங்கரவாத வழக்குக்கேனும் துப்புக் கிடைக்கவில்லை என 2012இல் அத்திணைக்களத்தின் உயரதிகாரியே சத்தியஞ் செய்து கூறினார். 2014 ஏப்ரலில் அப்பிரிவு கலைக்கப்பட்டது.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஸ்பார்க்புரூக், வொஷ்வூட் ஹீத் ஆகிய பகுதிகளில் 2010இல் இருநூற்றுக்கு மேற்பட்ட கமெராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றுட் சில மறைத்து வைக்கப்பட்டவை. பொதுவான குற்றத் தடுப்புக்கென்றே மக்களிடங் கூறப்பட்டது. பணமோ பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து வந்தது. உண்மை வெளிப்பட்டதும் எழுந்த கண்டனத்தாற் கமெராக்கள் இயக்கப்படாமலேயே 2011இல் அகற்றப்பட்டன. மக்களின் நம்பிக்கைக்கு நேர்ந்த சேதத்தை, இதனை ஆராய்ந்த பிறிதொரு பொலிஸ் பிரிவின் தலைவரே எடுத்துரைத்தார். இவ்விரு நாடுகளிலும் தவற்றை வெளிக்கொணர்ந்தவை பத்திரிகைகளும் மக்கள் இயக்கங்களுமாம். 

சட்டந் தரும் காப்பு

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை எவருக்கும் உறுதிசெய்கின்றது. 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, பிறப்பிடம் முதலிய காரணங்களாற் பிரசைகளுக்கு ஓரங்காட்டுதலைத் தடுக்கின்றது. 13ஆம் உறுப்புரை, கைதுசெய்யப்படுபவருக்குக் கைதின் காரணம் அறிவிக்கப்பட வேண்டுமென விதிக்கின்றது. 12, 13ஆம் உறுப்புரைகளின் பாதுகாப்பைத் தேசிய பாதுகாப்பின் பொருட்டுச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடமளித்த போதிலும், 10ஆம் உறுப்புரையை அவ்வாறு மட்டுப்படுத்தல் இயலாது. உரிமை மீறப்பட்டோர் ஒரு மாத காலத்துள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

இக்காப்பினைப் பெரிதும் மெலியச் செய்தது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச்சட்டம். குற்றச்சாட்டின்றி 18 மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்க அது இடமளித்தது; 2022இன் திருத்தத்தால் இக்காலம் 12 மாதங்களாயிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவரினும் உயர்ந்தோர் முன் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் விதியும் அதில் உண்டு. தமிழ் இளைஞரை மனங்கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், நாற்பதாண்டு கழிந்தபின் முஸ்லிம்கள் மீது பாய்ந்தது. 2020 ஏப்ரலிற் கைதான சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா ஏறத்தாழ 22 மாதங்களின் பின்னரே பிணை பெற்றார். 2025 மார்ச்சில், காசாப் போரைக் கண்டிக்கும் ஒட்டுத்தாளொன்றை ஒட்டினார் என ஒரு முஸ்லிம் இளைஞர் இதே சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். ஒருவருக்கெனச் செய்யப்பட்ட கருவி மற்றொருவர் மீது திரும்பாது என்று எச்சமூகமும் அமைதிகொள்ளல் ஆகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

2022 நவம்பரிற் கொழும்பின் குடியிருப்பாளரிடம் பொலிசார் மீண்டும் படிவங்களை வழங்கியபோது, சட்டத்தரணிகள் சங்கம் அதன் சட்ட அடிப்படையை வினவியது. 76ஆம் பிரிவே மீண்டும் விடையாகக் கிடைத்தது. இத்தகைய படிவத்தைப் பெறுவோர் அறியவேண்டுவன சில உள. எச்சட்டத்தின் எப்பிரிவின் கீழ் விபரங் கோரப்படுகின்றது என்பதனைக் கேட்டல் குற்றமன்று. வீட்டில் வாழ்வோரின் பட்டியலைக் கேட்கும் பிரிவு, அவர்தம் மதத்தைக் கேட்கும் அதிகாரத்தைத் தரவில்லை. படிவத்தைத் தமிழிற் பெறுவதும், வாக்குமூலத்தைத் தமிழில் அளிப்பதும் தமிழ் பேசும் மக்களின் உரிமை. தாம் அறியாத மொழியில் எழுதப்பட்டதன் கீழ்க் கையொப்பமிடுதல் பேரிடருக்கு வழிவகுக்கும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஒருவர் கைதாகுமிடத்து, 48 மணித்தியாலத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி கட்டாயமாகும். இவற்றைப் பள்ளிவாசல் நிருவாகங்களும் கோயில், தேவாலய நிருவாகங்களும் தத்தம் மக்களுக்கு எடுத்துரைத்தல் பயன்தரும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் நாம் துணியக்கூடியது இதுவாம். ஒரு மனிதரின் செயலை நோக்குங் காவல் குற்றத்தை அணுகுகின்றது. அவரது மதத்தை நோக்குங் காவல் குற்றத்தினின்று விலகிச் செல்கின்றது. உயிர்த்த ஞாயிற்றின் வரலாறு இதனை இருமுறை காட்டிற்று: முன்னர், குறித்த தகவல் கைவிடப்பட்டமையால், பின்னர், குறியற்ற ஐயம் கைக்கொள்ளப்பட்டமையால். கொச்சிக்கடையில் உறவினரை இழந்தோர் வேண்டும் நீதியும், கொம்பனித்தெருவில் வாழ்வோர் வேண்டும் நீதியும் ஒன்றற்கொன்று பகையானவையல்ல. உண்மைக் குற்றவாளியையும், அவரைத் தடுக்கத் தவறியவரையும் இனங்காண்பதே இருசாராருக்கும் உரிய நீதியாகும்.

இத்துறையிற் பல்கலைக்கழக மாணவர் ஆற்றக்கூடிய பணியொன்று உளது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொலிஸ் பதிவுத் துண்டுகளோடு வாழ்ந்த முதியோர் இன்றும் உளர். கொம்பனித்தெருவில் 2019இன் தேடுதலை எதிர்கொண்ட குடும்பங்களும் உள. இவ்விரு சாராரின் வாய்மொழி வரலாறு ஒருங்கே சேர்த்து எழுதப்படவில்லை. தமிழர் பட்டபாட்டைத் தமிழரும், முஸ்லிம்கள் பட்டபாட்டை முஸ்லிம்களுந் தனித்தனியே நினைவிற் கொள்ளும்வரை, ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சி என்பது புலனாகாது. அவ்விரண்டையும் ஒரே ஏட்டில், உரியவரின் இசைவோடும் அவர்தம் பெயர் காக்கப்பட்டும் பதிவு செய்ய நம் மாணவர் முன்வருவாராயின், 1865இல் எழுதப்பட்ட ஒரு பிரிவு நம் காலத்தில் எவரெவர் வாயிலைத் தட்டிற்று என்பது அடுத்த தலைமுறைக்குத் தெளிவாகும்.